ஒற்றனும் ஆள்காட்டியும்: பெயரைக் காக்கும் சட்டம் செயலை மறைக்கலாகுமா?



இலக்கியமும் இலக்கணமும் பேசப்படும் இம்மேடையில் இன்று சட்டம் ஒன்றைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். மறைந்து பணியாற்றும் உளவு அதிகாரியின் பெயரை வெளியிடுவோருக்கு என்ன தண்டனை, அத்தண்டனை யாருக்கு உரியது, எந்த அளவுக்கு உரியது என்பதே நம் பொருள். மொழி மன்றத்தில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணலாம். இரண்டு காரணங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, இந்த அவையில் இருப்போரில் பலர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தராகப் பணியாற்றிய குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்த இடம் பிரிக்பீல்ட்ஸ். நம் நாட்டில் அரசுப் பணியில் சேரும்போதும் அதைவிட்டு நீங்கும்போதும் அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தை அறிந்துகொண்டதாக ஒரு படிவத்தில் கையெழுத்திடுகிறோம். கையெழுத்திட்டவர்களில் அச்சட்டத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

இரண்டாவது, இச்சிக்கலின் வேர் நம் சொற்களிலேயே இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

இரு சொற்கள்

தமிழில் உளவறிபவனுக்கு ‘ஒற்றன்’ என்றும் ‘ஒற்று’ என்றும் பெயர். இலக்கணத்தில் மெய்யெழுத்துக்கும் ‘ஒற்று’ என்றே பெயர். புள்ளி பெற்ற எழுத்து தனித்து நின்று சொல்லாவதில்லை. ஆனால் சொல்லின் நடுவில் அமர்ந்து அதன் பொருளையே மாற்றிவிடும். உளவறியும் ஒற்றனும் அவ்வாறே, தன்னை வெளிக்காட்டாமல் செய்தியைக் கொண்டு சேர்ப்பவன்.

இன்னொரு சொல் ‘ஆள்காட்டி’. மறைந்திருப்பவன் இன்னான் என்று விரல் நீட்டிக் காட்டுபவன். சுட்டுவிரலுக்கே ஆள்காட்டி விரல் என்றுதான் பெயர். ஆள் நடமாட்டம் கண்டதும் குரலெழுப்பி ஊரைக் கூட்டும் பறவைக்கு ஆள்காட்டிக் குருவி என்று பெயர் வைத்தனர் நம் முன்னோர். ஒற்றனை ஆள்காட்டியிடமிருந்து காப்பதுதான் இன்று நாம் பேசும் சட்டங்களின் நோக்கம். ஆனால் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆள்காட்டி என்றால் வேறு நினைவு வரும். தொழிலாளர் கூடிப் பேசியதைத் துரையிடம் கொண்டுபோய்ச் சொன்னவனையும் அவர்கள் ஆள்காட்டி என்றே அழைத்தார்கள். ஒரு தரப்பின் ஒற்றன் மறு தரப்பின் ஆள்காட்டி. இந்த இருமுகத்தை மறந்துவிட்டு எழுதப்படும் சட்டம் ஒருபக்கச் சாய்வாகவே முடியும்.

திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ‘ஒற்றாடல்’. ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆளவேண்டும், ஒருவர் கொண்டுவந்த செய்தியை மற்றொருவரைக் கொண்டு ஒத்துப் பார்க்கவேண்டும் என்றெல்லாம் அதில் வள்ளுவர் நெறி வகுக்கிறார். அந்த அதிகாரத்தின் இறுதிக் குறள் நம் பொருளை நேரடியாகத் தொடுகிறது. ஒற்றனுக்குப் பிறர் அறியப் பரிசளிக்கும் அரசன் தானே மறைபொருளை வெளியிட்டவன் ஆகிறான் என்பது அதன் கருத்து. அந்த எச்சரிக்கை யாரை நோக்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். சந்தையில் பேசுபவனையோ பாடித் திரியும் பாணனையோ வள்ளுவர் அங்கு எச்சரிக்கவில்லை, அரசனையே எச்சரிக்கிறார். இரகசியம் யார் கையில் இருக்கிறதோ அவரே அதன் முதற் பொறுப்பாளர்.

மறுபக்கத்தைப் புறநானூற்றின் 47ஆம் பாட்டின் பின்னணி காட்டுகிறது. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவரை ஒற்றன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர்கிழார் இடைபுகுந்து, புலவரின் வாழ்க்கை எத்தகையது என்று எடுத்துரைத்துக் காப்பாற்றினார். குற்றமற்ற ஒருவர்மீது ‘ஒற்று’ என்ற பெயரைச் சுமத்துவதும் உயிரைப் பறிக்கும். பெயரைச் சொல்வதால் ஒரு கேடு. பெயரைப் பொய்யாய்ச் சூட்டுவதால் இன்னொரு கேடு. இரண்டையும் தடுப்பதே நீதி.

நம் மண்ணின் நினைவு

மலாயாவின் வரலாற்றில் இது ஏட்டுச் சுரைக்காயாக இருந்ததில்லை. 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் மக்களை வரிசையில் நிறுத்திச் சோதித்தபோது, முகத்தைத் துணியால் மூடிய ஆள்காட்டிகளைப் பயன்படுத்தினர். மூடிய தலை ஒன்று அசைந்தால் போதும், வரிசையில் நின்றவர் இழுத்துச் செல்லப்பட்டார். தன்னைக் குற்றம் சாட்டியவர் யார் என்று அவர் கேட்க வழியில்லை. அந்தத் துணி ஆள்காட்டியின் உயிரைக் காத்திருக்கலாம். அது அவனுடைய பொய்யையும் காத்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள், நாம் தைப்பூசத்திற்குக் காவடி சுமந்து செல்லும் பத்துமலைக்கு அருகே கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர்களும் ஜப்பானியருக்கு எதிரான படையினரும் கூடியிருந்தனர். ஜப்பானியப் படை அவர்களைச் சுற்றி வளைத்தது, பலர் மாண்டனர். அக்கூட்டத்தைக் காட்டிக்கொடுத்தவர் கட்சியின் பொதுச் செயலாளரான லாய் டெக் என்பதும், அவர் போருக்கு முன்பே பிரிட்டிஷ் காவல்துறையின் ஒற்றராக இருந்தவர் என்பதும் 1947இல்தான் கட்சிக்குள் அம்பலமாயின. அவர் கட்சிப் பணத்துடன் தப்பி, அதே ஆண்டில் பாங்காக்கில் கொல்லப்பட்டார். இரண்டு அரசுகளுக்கு உழைத்த ஒருவரின் பெயர் மறைந்திருந்த காலமெல்லாம், அவருடைய செயலும் மறைந்தே இருந்தது. பெயர் எப்போது கவசம், எப்போது திரை என்று பிரித்தறிவதன் கடினத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு நம் பள்ளத்தாக்கில் வேறில்லை.

இன்னொரு நினைவும் உண்டு. 1974 ஜூன் 7ஆம் நாள் நாட்டின் காவல்துறைத் தலைவர் தான் ஸ்ரீ அப்துல் ரஹ்மான் ஹாஷிம் கோலாலம்பூர் நடுவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1975 நவம்பரில் பேராக் மாநிலக் காவல்துறைத் தலைவர் கூ சோங் கோங் ஈப்போவில் சுடப்பட்டு இறந்தார். இவர்கள் மறைவில் பணியாற்றியவர்கள் அல்லர், ஊரறிந்த அதிகாரிகள். காவலர் சூழ வாழ்ந்தவர்களுக்கே அந்நிலை என்றால், காவலும் சீருடையும் இன்றிச் சிறப்புப் பிரிவுக்குச் செய்தி திரட்டியவர்கள் எந்த அச்சத்தில் வாழ்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். அவர்களுக்கும் மனைவி மக்கள் உண்டு. பெயர் ஒன்று வெளிவருவதால் ஒரு வீடு இருண்டுபோகும் என்றால், அதை வெளியிடுவதைச் சட்டம் தடுப்பது முறையே. இதில் நமக்கு ஐயமில்லை.

உலகின் சட்டங்கள்

இக்குற்றத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய நாடுகளில் பெரிதும் பேசப்படுவது அமெரிக்கா. சி.ஐ.ஏ.வில் பணியாற்றி விலகிய பிலிப் ஏஜி 1975இல் வெளியிட்ட நூலில் ஏராளமான அதிகாரிகளின் பெயர்களை அச்சிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் நாள் ஏதென்ஸ் நகரில் சி.ஐ.ஏ. நிலையத் தலைவர் ரிச்சர்ட் வெல்ச் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயர் முன்னரே ஒரு பத்திரிகையிலும் ஏதென்ஸ் நாளேட்டிலும் வந்திருந்தது. அவர் குடியேறிய வீடு அவருக்கு முன்னிருந்தவர்கள் காலத்திலேயே அறியப்பட்ட வீடு என்பதும் உண்மை. பழி முழுவதும் பத்திரிகையின்மேல் விழுந்தது. வீட்டை மாற்றாத நிறுவனத்தைப் பற்றிக் குறைவாகவே பேசப்பட்டது.

அதன் விளைவாக 1982இல் உளவுப் பணியாளர் அடையாளப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன் அமைப்பு நாம் கற்கவேண்டிய ஒன்று. குற்றவாளியை அது மூன்று படிகளாகப் பிரிக்கிறது. பணியின் காரணமாக அதிகாரியின் அடையாளத்தையே அறிந்து வெளியிட்டவர் முதற்படி. இரகசிய ஆவணங்களைக் கையாண்டதால் அதை அறிந்துகொண்டவர் இரண்டாம் படி. வெளியாள் மூன்றாம் படி. அன்று விதித்த உச்சத் தண்டனை முறையே 10, 5, 3 ஆண்டுகள். பின்னர் முதல் இரண்டும் 15, 10 என உயர்ந்தன. வெளியாளைத் தண்டிக்க, ஒற்றர்களைத் தேடி வெளிப்படுத்துவதையே தொடர் வேலையாகக் கொண்டவர் என்றும், அதனால் உளவுப் பணிக்குக் கேடு வரும் என்று நம்பக் காரணம் இருந்தது என்றும் நிறுவ வேண்டும். அந்த அடையாளத்தை மறைக்க அரசு உண்மையிலேயே முயற்சி எடுத்திருக்கவும் வேண்டும். தானே மூடாத கதவைத் திறந்ததற்காக அடுத்தவரைத் தண்டிக்க அச்சட்டம் இடந்தரவில்லை.

கனடாவின் சட்டம் 5 ஆண்டு வரை தண்டிக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஓராண்டாக இருந்த தண்டனை 2014இல் 10 ஆண்டாக உயர்த்தப்பட்டது. பிரிட்டனோ 1991 இறுதியில் உள்நாட்டு உளவுத் துறையின் தலைவராக ஸ்டெல்லா ரிமிங்டன் நியமிக்கப்பட்டபோது அவர் பெயரைத் தானே அறிவித்தது. தலைமைப் பதவியில் இருப்பவர் யார் என்பது மக்கள் அறியவேண்டியது. களத்தில் இருப்பவர் யார் என்பது மறைக்கவேண்டியது என்ற பாகுபாடு அங்கே உருவாயிற்று.

யார் தண்டிக்கப்பட்டார்கள்?

சட்டம் எழுதப்பட்டபடியே நடந்ததா என்று கேட்டால், இரண்டு வழக்குகள் விடை சொல்லும்.

2003 ஜூலை 14ஆம் நாள் ராபர்ட் நோவாக் என்ற பத்தி எழுத்தாளர் வேலரி பிளேம் என்ற பெண் சி.ஐ.ஏ.வைச் சேர்ந்தவர் என்று எழுதினார். ஈராக் போருக்கு அரசு சொன்ன காரணத்தை மறுத்து அவருடைய கணவர் நாளேட்டில் எழுதி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. பெயரைச் செய்தியாளருக்குச் சொன்னவர்கள் அரசின் உயர் அதிகாரிகள். அடையாளத்தை வெளியிட்ட குற்றத்திற்காக ஒருவர்மீதும் வழக்கு வரவில்லை. துணை அதிபரின் தலைமை அலுவலர் லூயிஸ் லிபி விசாரணையில் பொய் சொன்னதற்காக 2007இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். அவருடைய 30 மாதச் சிறைத் தண்டனையை அதிபரே நீக்கினார்.

மற்றொருவர் ஜான் கிரியாக்கு. கைதிகளை நீரில் திணறடிக்கும் வதைமுறையைப் பற்றி 2007இல் தொலைக்காட்சியில் வெளிப்படையாகப் பேசிய முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரி. பின்னர் ஒரு செய்தியாளரிடம் மறைவில் பணியாற்றிய ஒருவரின் பெயரைச் சொன்னதற்காக இதே 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2013இல் 30 மாதச் சிறைக்குச் சென்றார். அவர் செய்தது சரி என்று நாம் சொல்லவில்லை. பெயரைச் சொன்னது பிழையே. ஆனால் மேலிடத்தில் இருந்தோர் பெயரைச் சொன்னபோது சட்டம் உறங்கியதும், வதையைப் பற்றிப் பேசியவர் சொன்னபோது அது விழித்ததும் நம் கண்ணை விட்டு அகலக் கூடாது.

தமிழரின் குருதி படிந்த நிகழ்வு ஒன்றும் உண்டு. 2002 ஜனவரி 2ஆம் நாள் கொழும்புக்கு அருகே அத்துருகிரியவில், ‘மில்லேனியம் சிட்டி’ குடியிருப்பில் இருந்த இராணுவப் புலனாய்வுத் துறையின் மறைவிடத்தை இலங்கைக் காவல்துறையே சோதனையிட்டது. அங்கிருந்தோர் கைதாயினர், செய்தி ஊடகங்களில் பரவியது, மறைவில் இயங்கிய கட்டமைப்பு வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்த மாதமே போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. துப்பாக்கிகள் ஓய்ந்ததாகச் சொல்லப்பட்ட அந்த ஆண்டுகளில் புலனாய்வுத் துறைக்கு உதவியவர்கள் பலர் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டனர். அவர்களில் தமிழர் பலர். அவர்கள் ஏன் உதவினார்கள், எந்த வற்புறுத்தலால் உதவினார்கள் என்பதை நாம் இங்கு தீர்ப்பிட முடியாது. அவர்களை அம்பலத்துக்குக் கொண்டுவந்தது பகைவரோ பத்திரிகையோ அன்று, ஓர் அரசின் ஒரு கை என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது. பின்னர் விசாரணை ஆணைக்குழு அமைந்தது. இறந்தவர்களின் வீட்டாருக்கு அது எதைத் திருப்பித் தந்திருக்க முடியும்? இறுதிக் குறளின் எச்சரிக்கை அரசனை நோக்கியே சொல்லப்பட்டதன் காரணம் இங்கே விளங்குகிறது.

நமது சட்டம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். உளவு அதிகாரியின் பெயரை வெளியிடுவதற்கென அமெரிக்காவைப் போல் தனிச் சட்டம் ஒன்றை நாம் இயற்றவில்லை. அந்த வேலையை 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம், அதாவது ஓ.எஸ்.ஏ., தன் பெரிய வலைக்குள் அடக்கிக்கொள்கிறது. பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயலில் அமைந்தது அது. அமைச்சரவை ஆவணங்கள், மாநில ஆட்சிக்குழு ஆவணங்கள், தேசியப் பாதுகாப்பு, தற்காப்பு, அனைத்துலக உறவு ஆகியவை தொடர்பான ஆவணங்கள் யாவும் அதன் அட்டவணையில் உள்ளன. இவற்றைத் தவிர, இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி ‘இரகசியம்’ என்று முத்திரையிட்ட எந்த அலுவல் ஆவணமும் இரகசியமே. ஓர் ஒற்றரின் உயிரைக் காக்கும் பட்டியலும், ஒரு நெடுஞ்சாலை ஒப்பந்தமும் ஒரே முத்திரையைப் பெறலாம்.

1986ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வரலாறு அறியத்தக்கது. அதற்கு முந்திய ஆண்டுகளில் இச்சட்டத்தின்கீழ்த் தண்டிக்கப்பட்டவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. கடற்படைக் கலங்கள் வாங்கியது பற்றி வெளியிட்டதற்காக 1978இல் எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் தண்டிக்கப்பட்டார். 1985இல் ஹாங்காங் வார இதழின் செய்தியாளர் ஜேம்ஸ் கிளாட் 10,000 ரிங்கிட் அபராதம் கட்டினார். அதன்பின் வந்த திருத்தம், வெளியிட்ட குற்றத்திற்கு அபராதம் மட்டும் விதிக்கும் வழியை அடைத்தது. எட்டாம் பிரிவின்படி ஓராண்டுக்குக் குறையாத, ஏழாண்டுக்கு மேற்படாத சிறை கட்டாயமாயிற்று. ஆவணம் இரகசியமானது என்று அமைச்சரோ அதிகாரியோ சான்றளித்துவிட்டால் அதுவே முடிந்த முடிபு; எந்த நீதிமன்றத்திலும் கேள்வி எழுப்ப முடியாது என்று 16ஏ பிரிவு சேர்ந்தது.

இதன் பொருளைச் சற்று நிறுத்திப் பார்ப்போம். வெளியிட்டதால் யாருக்கேனும் தீங்கு வந்ததா என்று நீதிபதி கேட்கவேண்டியதில்லை. அது இரகசியமாக இருக்கத் தகுந்ததா என்று அவர் கேட்க இயலாது. நல்ல நோக்கத்தோடு செய்தார் என்று கண்டாலும் ஓராண்டுக்குக் கீழே இறங்க அவருக்கு உரிமையில்லை. 2002இல் ஊழல் விசாரணை அறிக்கைகளை வெளியிட்டதற்காக முகமட் எசாம் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். 2004இல் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். நாம் இங்கே குறிப்பிட்ட வழக்குகள் எதிலும் ஓர் ஒற்றரின் பெயர் இல்லை. கப்பலும் கணக்கும் அறிக்கையுமே இருந்தன.

தீங்கை வெளிக்கொணர்பவரைக் காக்க 2010இல் தகவல் வழங்குநர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் இயற்றப்பட்டபோதே அதில் ஒரு நிபந்தனை இருந்தது: வேறொரு சட்டம் தடைசெய்துள்ள வெளியீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிட்டாது. ஒரு கையால் குடை கொடுத்து மறுகையால் கூரையைப் பிரித்தது போலாயிற்று.

2018ஐ நினைத்துப் பாருங்கள். மே 9 பொதுத்தேர்தலுக்கு ஐந்து நாள் முன்னதாக, மே 4ஆம் நாளிட்டு, சி.ஐ.ஏ. தலைவருக்கு எழுதப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு கடிதம் ஜூலையில் ஊடகங்களில் வெளியாயிற்று. பிரதமர் துறையின் ‘ஆய்வுப் பிரிவு’ என்ற எளிய பெயரில் மட்டுமே பலர் கேள்விப்பட்டிருந்த வெளிநாட்டுப் புலனாய்வு அமைப்பும், அதன் தலைவர் டத்தோ ஹசானா அப்துல் ஹமிட்டின் பெயரும் அன்றுதான் சாப்பாட்டுக் கடைகள் வரை பேசப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரில் 12.1 மில்லியன் அமெரிக்க டாலர் தொடர்பான நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டு அவர்மீது கொண்டுவரப்பட்டது. 2021 ஏப்ரலில், குற்றமற்றவர் என்ற தீர்ப்புக்கு ஈடாகாத வகையில் அவர் விடுவிக்கப்பட்டார். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. இங்கே நாம் கேட்பது வேறு. ஆட்சியில் யார் இருக்கவேண்டும் என்பது குறித்து உளவு அமைப்பொன்று அயல்நாட்டுக்கு எழுதியதாகச் சொல்லப்பட்டால், அதை மக்கள் அறியவேண்டாமா? அறியவேண்டும். அதே வேளையில், அந்த அமைப்பின் கீழ்நிலை ஊழியர்களின் பெயர்களும் முகங்களும் தெருவுக்கு வரவேண்டுமா? வரலாகாது. இரண்டு விடையையும் ஒருசேரச் சொல்லும் திறன் நம் சட்டத்துக்கு இல்லை. அது முத்திரையைப் பார்க்கிறது. முத்திரைக்குள் இருப்பது பெயரா செயலா என்று பார்ப்பதில்லை.

நமக்கு இதில் என்ன?

இது நம் சமூகத்தை நேரே தொடும் பொருள். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில் 12 பேர் சொஸ்மா சட்டத்தின்கீழ்க் கைதாயினர். அவர்களில் சட்டமன்ற உறுப்பினர்களும் இருந்தனர். 2020 பிப்ரவரியில் தேசிய சட்டத்துறைத் தலைவர் அந்தக் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். அதுவரை அவர்களுடைய பெயர்கள் நாளேடுகளில் தடித்த எழுத்தில் வந்துகொண்டிருந்தன. சொஸ்மா வழக்குகளில் சாட்சியின் அடையாளத்தை எதிரிக்கும் அவருடைய வழக்கறிஞருக்கும் காட்டாமல் சாட்சியம் பெறவும் சட்டம் இடந்தருகிறது. குற்றம் சாட்டுவோரின் பெயர் மறைவில். சாட்டப்பட்டவரின் பெயர் வெளிச்சத்தில். முகம் மூடிய தலையின் நினைவு உள்ள நாட்டில் இந்த ஏற்றத்தாழ்வு நம் நெஞ்சை உறுத்தாமல் இருக்க முடியுமா?

தமிழ் நாளேட்டில் எழுதும் ஓர் இளைஞரை எண்ணிக்கொள்வோம். அவர் கையில் ஓர் ஆவணம் கிடைக்கிறது. அதில் ஒரு தவறான செயலும் ஒரு பெயரும் சேர்ந்திருக்கின்றன. செயலை மட்டும் எழுதிப் பெயரை விட்டுவிட்டாலும் அவருக்குக் காத்திருப்பது அதே ஓராண்டு. நேர்மையாக நடப்பவருக்கும் பொறுப்பின்றி நடப்பவருக்கும் ஒரே விலை விதிக்கும் சட்டம், பொறுப்போடு நடக்கும் ஊக்கத்தையே குறைத்துவிடுகிறது. பெயரும் பாதுகாக்கப்படவில்லை, செயலும் வெளிவரவில்லை.

செய்யத் தக்கவை

ஆகவே நாம் முன்வைப்பது நான்கு கருத்துகள்.

ஒன்று, மறைவில் பணியாற்றுவோரின் அடையாளத்தைக் காக்கத் தனியான, குறுகிய சட்டப் பிரிவு வேண்டும். களத்தில் உள்ளவர், அவருக்கு உதவியவர், அவர் குடும்பத்தார் ஆகியோருக்கு அது பொருந்தட்டும். தலைமைப் பதவியில் இருப்போருக்குப் பொருந்தவேண்டாம்.

இரண்டு, தண்டனைக்கு அளவுகோல் வேண்டும். தெரிந்தே செய்தாரா, தீங்கு விளையக்கூடியதா, அரசு அதை உண்மையிலேயே மறைத்து வைத்திருந்ததா என்ற மூன்றையும் நீதிபதி ஆராயட்டும். பணியின் காரணமாக இரகசியத்தைப் பெற்றவர் முதற் குற்றவாளியாகட்டும். அவர் எத்துணை உயர்ந்த நாற்காலியில் இருந்தாலும் சரி.

மூன்று, செயலைச் சொல்ல ஒரு வாசல் திறந்திருக்கவேண்டும். உளவு அமைப்புக்குள் நடக்கும் தவற்றைக் கண்ட ஊழியர், பெயர்களைத் தெருவில் கொட்டாமல், நாடாளுமன்றக் குழுவிடமோ நீதிபதி ஒருவரிடமோ முறையிட வழி இருந்தால், அவர் செய்தியாளரைத் தேடிச் செல்லவேண்டிய தேவை குறையும். முறையிட்டவருக்கு ஓ.எஸ்.ஏ. தடையாக நிற்கலாகாது.

நான்கு, சான்றிதழே முடிந்த முடிபு என்ற 16ஏ பிரிவு நீங்கவேண்டும். சிலாங்கூர் மாநிலம் 2011இல் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றியது. கிள்ளானில் வாழும் ஒருவர் மாநில அரசின் ஆவணத்தைக் கேட்டுப் பெற உரிமை உண்டு. கிள்ளான் ஆற்றை ஒட்டிச் சற்று மேலேறிக் கூட்டரசுப் பிரதேசத்துக்குள் வந்தால் அந்த மாநிலச் சட்டம் துணைக்கு வராது. வெளிச்சம் மாநில எல்லையோடு நின்றுவிடலாகாது.

அன்பர்களே, ஒற்றெழுத்து மிக வேண்டிய இடத்தில் மிகாவிட்டாலும், மிகக்கூடாத இடத்தில் மிகுந்தாலும் பொருள் கெடும் என்பதை நம் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியிலேயே சொல்லித் தருகிறோம். மறைவும் அப்படியே. வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் ஒரு வீட்டில் விளக்கு அணையும். வேண்டாத இடத்தில் மிகுந்தால் நாட்டின் கண் மங்கும்.

இன்றிரவு வீடு திரும்பியதும், நீங்கள் கையெழுத்திட்ட அந்தப் படிவத்தின் படி இருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்தச் சட்டத்தைத் தமிழில் எளிய நடையில் பெயர்த்து ஒரு சிறு நூலாக வெளியிடும் பணியை இம்மன்றம் மேற்கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.